நெல்லைப் பருவங்களுக்கு ஏற்ற பானங்கள்: பீர் காய்ச்சும் நாட்காட்டியை இங்கே எப்படி அமைப்பது?

பாளைவாசி (கேள்வி):

பல ஆண்டுகள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்த்துவிட்டு, இப்போது குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே திரும்பியிருக்கிறேன். அங்கிருந்தபோது வீட்டில் பீர் காய்ச்சுவது என் பொழுதுபோக்காக இருந்தது. உரிமம் பெற வேண்டும் என்ற கட்டாயத்தை 1963இல் அந்நாட்டு அரசு நீக்கிவிட்டதால், விற்பனை செய்யாமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சுவதற்கு அங்கே தடை எதுவும் இல்லை.

உண்மையில் என்னைக் கட்டிப்போட்டது பீரைவிட அதன் நாட்காட்டிதான். கிராம்பும் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து, 7 அல்லது 8 விழுக்காடு மதுசாரத்தோடு செய்யும் கருநிறக் கிறிஸ்துமஸ் ஏல் என்னும் பீரை ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ காய்ச்சிவிட வேண்டும். டிசம்பரில் நினைத்துக்கொண்டு டிசம்பரிலேயே காய்ச்சினால், மதுசாரத்தின் காரமும் கிராம்பின் நெடியும் தனித்தனியாக நாக்கில் நிற்கும். மாறாக, கோடையில் குடிக்கும் கோதுமை பீர் நான்கு வாரங்களில் தயாராகிவிடும். அதை நெடுநாள் வைத்திருந்தால் அதன் புத்துணர்வே போய்விடும். செப்டம்பரில் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவைக் கெண்ட் பகுதித் தோட்டங்களில் பறிக்கும்போது, உலர்த்தாத பச்சைப் பூவைப் பறித்த ஒரு நாளுக்குள் கொதிகலத்தில் இட்டுக் காய்ச்சும் பீர் ஒன்று உண்டு. அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் மறு ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே பீர் காய்ச்சக் கூடாது என்பது எனக்குப் பொதுவாகத் தெரியும். ஆனால் எது வரை கூடும், எதற்கு மேல் கூடாது என்ற எல்லை தெளிவாகத் தெரியவில்லை. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு, நம் ஊர்ப் பருவங்களையும் திருநாட்களையும் ஒட்டி, பொங்கலுக்கு ஒன்று, சித்திரை வெயிலுக்கு ஒன்று, ஆனித் தேருக்கும் குற்றாலச் சாரலுக்கும் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று ஆண்டு முழுவதும் பானங்கள் தயாரிக்க இயலுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வண்ணார்பேட்டை வழக்கறிஞர்:

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. மது என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் மிகவும் அகலமானது. பீரும் ஒயினும் கள்ளும் மட்டுமல்லாமல், மதுசாரம் கலந்த திரவங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். விற்கவில்லை, வீட்டிலேயே குடிக்கிறோம் என்ற வாதம் இங்கிலாந்தில் செல்லும், இங்கே செல்லாது. கள்ளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது. சுண்ணாம்பு இட்டு இறக்கிய, நொதிக்காத பதநீருக்குத் தடை இல்லை. தேவாலய வழிபாட்டுக்குரிய திராட்சை இரசத்துக்குத் தனி விதிகள் உண்டு என்றாலும், அவை வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போடும் ஒயினுக்குப் பொருந்தா. நம் பாளையங்கோட்டையில் அப்படிப் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு என்பது எல்லோரும் அறிந்ததே. வழக்கம் வேறு, சட்டம் வேறு.

ஆகவே நீங்கள் திட்டமிடும் எதிலும் ஈஸ்டைக் கொண்டு சர்க்கரையை நொதிக்க விடாதீர்கள் என்பதே என் அறிவுரை. மற்றவர்கள் சுவையைப் பற்றிப் பேசட்டும்.

பெர்கன்–தென்காசி:

நான் பிறந்தது தென்காசி, பிழைப்பது நார்வேயின் பெர்கன் நகரில். இங்கே சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சலாம், சாராயம் வடிக்கத்தான் கூடாது. எனவே காய்ச்சும் நாட்காட்டியைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல முடியும்.

பருவ பீர் என்றவுடன் பலரும் பண்டிகைக்கு ஏற்ற மசாலாவை அள்ளிப் போடுவதே அது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பின்னால் வந்த சேர்க்கை. குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில், எந்த மாதத்தில் எதைக் காய்ச்சினால் கெடாது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகள்தாம் பெரும்பாலான பருவ பீர்கள். பவேரியாவில் 1553இல் வந்த ஆணை செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்ச அனுமதித்தது, ஏனென்றால் கோடையில் காய்ச்சியது அடிக்கடி புளித்துப்போனது. அதனால் மார்ச் மாதத்தில் சற்றுத் திடமாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் அடுக்கி, கோடை முழுவதும் குடித்து, மிச்சத்தை இலையுதிர் காலத்தில் தீர்த்தார்கள். 1810இல் பட்டத்து இளவரசரின் திருமணத்தை ஒட்டித் தொடங்கிய மியூனிக் அக்டோபர் விழாவோடு இன்று இணைத்துப் பேசப்படும் மேர்ட்சன் என்னும் பீரின் பின்னணி இதுதான். பெல்ஜியத்தின் வலோனியா பகுதிப் பண்ணைகளிலும் கதை அதுவே: குளிர்காலத்தில் காய்ச்சி வைத்த செஸோன் பீரை அறுவடைக்கு வந்த கூலியாட்களுக்குக் கோடையில் ஊற்றினார்கள்.

நார்வேயில் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. குலாத்திங் என்னும் பழைய சட்டத் தொகுப்பு, கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு குடியானவனும் ஏல் காய்ச்ச வேண்டும் என்றும், நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டி அதைக் கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் படைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது; தவறினால் அபராதம். காய்ச்சினால் தண்டனை என்கிறது நம் ஊர்ச் சட்டம், காய்ச்சாவிட்டால் தண்டனை என்றது இவர்களுடைய சட்டம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குளிரில் நொதிக்கும் லாகர் பீரின் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரி வரையும், சாதாரண ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி வரையும் கேட்கும். பாளையங்கோட்டையில் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரையில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். இந்த வெப்பத்துக்குப் பொருந்தும் ஈஸ்ட் ஒன்று உலகில் உண்டென்றால், அது வியப்பாக இந்தக் குளிர்நாட்டில்தான் இருக்கிறது. குவைக் என்று இவர்கள் அழைக்கும் பண்ணை ஈஸ்டின் வொஸ் பகுதி வகை 35 முதல் 40 டிகிரியில்கூட இரண்டு மூன்று நாட்களில் வேலையை முடித்துவிடும், கெட்ட வாடையும் வராது. அதை மர வளையங்களில் உலர்த்தித் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்திருக்கிறார்கள். சட்டம் இடம் கொடுக்காததால் உங்களுக்கு இது வெறும் தகவல்தான். ஆயினும் இதன் உட்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: லீட்ஸ் நகரின் நாட்காட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாளையங்கோட்டையில் வைக்காமல், நம் வெயிலும் நம் விளைச்சலும் எந்த மாதத்தில் எதைத் தருகின்றன என்பதிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

அம்பாசமுத்திரம் மதினி:

அண்ணாச்சி, வெயில் காலத்துக்குரிய நொதித்த பானம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இரவில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வடித்தெடுக்கும் நீராகாரத்தைத்தான் சொல்கிறேன். அதில் வேலை செய்பவை பெரும்பாலும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். பீரில் ஈஸ்ட் செய்வதுபோல மதுசாரத்தை உண்டாக்குவது அவற்றின் முதன்மை வேலையன்று, புளிப்பை உண்டாக்குவதே வேலை. பிசான நெல் அறுவடையாகி வந்த புதுப் பச்சரிசிச் சோற்றைவிட, பழைய புழுங்கலரிசிச் சோற்றில் ஊறிய நீராகாரமே தெளிவாகவும் மணமாகவும் இருக்கும் என்பது என் அனுபவம். சித்திரை, வைகாசி மாதங்களில் எட்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம்கூடத் தாங்கும். சின்ன வெங்காயம், நார்த்தங்காய் இலை, மோர் ஆகியவற்றைச் சேர்த்தால் சித்திரைக்கான பானம் முடிந்துவிட்டது. இதற்கு ஹாப் பூ எதற்கு?

இஞ்சி பீர் செய்யலாமே என்று யாராவது எழுதுவார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசலைப் புட்டியில் அடைத்தால், நம் ஊர் வெப்பத்தில் இரண்டே நாளில் நுரை பொங்கும். அந்த நுரைக்குக் காரணம் ஈஸ்ட். ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ அரை கிராம் கரியமில வாயுவும் அரை கிராம் மதுசாரமும் உண்டாகும். நல்ல சோடாவில் லிட்டருக்கு 5 கிராம் வாயுவாவது கரைந்திருக்க வேண்டும். அந்த அளவை நொதித்தலாலேயே கொண்டுவந்தால் கூடவே 5 கிராம் மதுசாரமும் வரும், அதாவது கொள்ளளவில் 0.6 விழுக்காட்டுக்கு மேல். இன்னும் இரண்டு நாள் மறந்துவிட்டால் அது இரட்டிப்பாகும், புட்டியும் வெடிக்கும். வழக்கறிஞர் ஐயா சொன்ன எல்லையை இது தாண்டிவிடுகிறது.

இதற்கு வழி மிகவும் எளிது. நுரையை ஈஸ்டிடம் கேட்காமல் சோடாக்காரரிடம் கேளுங்கள். 1872இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற கோலிப் புட்டி, அவருடைய நாட்டில் வழக்கொழிந்த பிறகும் நம் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. பருவத்துக்கேற்ற பாகைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, குளிர்ந்த சோடாவை அதன்மேல் ஊற்றினால் போதும். சோடா குளிர்ந்திருப்பது முக்கியம்: 5 டிகிரித் தண்ணீரில் கரையும் வாயு, 30 டிகிரித் தண்ணீரில் கரைவதைப்போல இரு மடங்குக்கும் அதிகம்.

என் வீட்டுக் கணக்கில் பொங்கலுக்குப் பச்சை இஞ்சிப் பாகு. கொத்தோடு வரும் இஞ்சியும் மஞ்சளும் அப்போதுதான் இளசாகக் கிடைக்கும். கால் கிலோ இஞ்சியைத் தட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அரை கிலோ சர்க்கரை சேர்த்து, ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு சோடா. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சை கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கோடை தொடங்கும்போது நன்னாரி வேர். சாரல் காலத்தில் நாவல் பழம், அதோடு ஒரு சிட்டிகை உப்பும் மிளகும். ஐப்பசிக்குப் பிறகு நெல்லிக்காய். கிறிஸ்துமஸுக்குக் கருந்திராட்சையைக் கிராம்பு, பட்டையோடு 75 டிகிரிவரை சூடேற்றிப் பிழிந்து, அந்தச் சூட்டிலேயே புட்டியில் அடைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை ஒயின் என்றே சொல்லிக் குடிக்கிறார்கள், யாரும் திருத்துவதில்லை.

நன்னாரியில் ஒரு செய்தி. அதை மூடாமல் கொதிக்க வைக்காதீர்கள். அதன் மணத்துக்குக் காரணமான பொருள், வனிலா மணத்தைத் தரும் வனிலினுக்கு மிக நெருங்கிய உறவுடையது, ஆவியில் பறந்துவிடும். நசுக்கிய வேரைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, இறுக்கமாக மூடி, இரவு முழுவதும் விட வேண்டும். வேரை நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்குங்கள்; களக்காடு, முண்டந்துறைக் காடுகள் புலிகள் காப்பகம் என்பதால் அங்கே போய்த் தோண்டக் கூடாது.

தேரிக்காட்டான்:

நான் உடன்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவன். மதினி எழுதியதில் பனை விடுபட்டுப்போனது எனக்குச் சற்று வருத்தமே. எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடிவரை பதநீர் கிடைக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால், காலை வெயில் ஏறுவதற்குள் அது கள்ளாகத் திரும்பிவிடும். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்டுக்கு அவ்வளவு வேகம். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த ஈஸ்டை அடக்கி வைக்கிறது. ஐரோப்பாவில் நிலவறையின் குளிர் செய்த வேலையில் ஒரு பகுதியை எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு செய்கிறது என்று சொல்லலாம். இறக்கிய அன்றே குடிக்க வேண்டிய பானம் என்பதால், பாளைவாசி அண்ணாச்சி குறிப்பிட்ட பச்சை ஹாப் பீருக்கு நம் நாட்டில் நிகரானது இதுதான். நுங்கும் அதே பருவத்தில் வருவதால், பதநீரில் இளநுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பதற்கு மேல் சித்திரைக்கு வேறு ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ஆடிக்குப் பிறகு கருப்பட்டி. அது ஆண்டு முழுவதும் நிற்கும் என்பதால் கருநிற பீரின் இடத்தை அதற்குத் தரலாம். வறுத்த முளைதானியம் தரும் கசப்பும் புகைமணமும் கலந்த இனிப்பை, அடுப்பில் விறகிட்டுக் காய்ச்சிய கருப்பட்டியில் ஓரளவு காணலாம். வாங்கும்போது சீனி கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். கலப்படம் செய்ததில் இனிப்பு மட்டும் இருக்கும், மணம் இராது. பாகு காய்ச்சினால் ஓரிரவு அசையாமல் வைத்துத் தெளிவை மட்டும் வடித்தெடுக்க வேண்டும், அடியில் சுண்ணாம்பும் மண்ணும் தங்கும். சுக்கு, மிளகு, ஏலம் சேர்த்த சில்லுக் கருப்பட்டி கிடைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதுவே போதும், சூடாகவும் குடிக்கலாம்.

பாளைவாசி:

அனைவருக்கும் நன்றி. இஞ்சி பீரின் கணக்கை மதினி போட்டுக் காட்டிய பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டேன். பாகும் சோடாவும் பெரும்பாலான மாதங்களுக்குச் சரியாக வரும் என்று தெரிகிறது. எனக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது: முளைதானியத்தின் சுவை. பீரின் உடல் என்று நாங்கள் சொல்வது அந்தத் தானியத்திலிருந்து வருவது. நொதிக்கவிடாமல் அதை மட்டும் பெற முடியுமா? கேழ்வரகு, கம்பு ஆகியவற்றை முளைகட்டுவது நம் வீடுகளில் புதிதல்லவே.

பெர்கன்–தென்காசி:

முடியும், ஆனால் பீருக்குப் பழகிய கையோடு செய்தால் தித்திப்பு திகட்டிவிடும். முளைதானிய மாவை வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. 60 முதல் 65 டிகிரிவரை வைத்திருந்தால், ஈஸ்ட் உண்ணக்கூடிய மால்டோஸ் அதிகமாகக் கிடைக்கும். உங்கள் பானத்தில் ஈஸ்ட் இல்லாததால் அந்தச் சர்க்கரை முழுவதும் அப்படியே நின்றுவிடும். எனவே 70 முதல் 72 டிகிரியில் வையுங்கள். அப்போது இனிப்புக் குறைந்த, ஆனால் நாக்குக்குத் திடத்தைத் தரும் டெக்ஸ்டிரின்கள் மிகும்.

கேழ்வரகும் கம்பும் பார்லியைப் போன்றவையல்ல. அவற்றின் மாவுச்சத்து இளகுவதற்கு அதிக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்திலோ நொதிகள் அழிந்துபோகும். ஆகவே முளைகட்டாத கம்பு மாவை முதலில் தனியாகக் கஞ்சியாகக் கொதிக்கவைத்து, 72 டிகிரிக்கு ஆற்றி, அதன்பிறகு முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு மாவைக் கம்பு மாவில் பாதியளவு கலந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். கெட்டிக் கஞ்சி கண்ணெதிரே தண்ணீராக இளகும். மெல்லிய துணியில் வடிகட்டி, கொதிக்கவிட்டு, கசப்புக்கு நார்த்தங்காய்த் தோலைக் கடைசி ஐந்து நிமிடங்கள் மட்டும் போடுங்கள். முளைமாவில் ஒரு பிடியை வாணலியில் வறுத்துச் சேர்த்தால் நிறமும் மணமும் கூடும்; எள் வறுக்கும் மணம் வரும்வரை வறுத்தால் போதும், கருகவிட வேண்டாம்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். பீரை மதுசாரமும் அமிலமும் ஹாப்பும் பாதுகாக்கின்றன. உங்கள் முளைதானியக் கரைசலில் சர்க்கரை நிறைய, பாதுகாப்பு எதுவுமில்லை, புளிப்பைக் காட்டும் அதன் பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5க்கு மேல் இருக்கும். அதை அப்படியே புட்டியில் அடைத்து வெளியே வைத்தால், ஒன்று காட்டு ஈஸ்ட் புகுந்து வழக்கறிஞர் ஐயாவிடம் கொண்டுபோய் நிறுத்தும், அல்லது அதைவிட ஆபத்தான பாக்டீரியாக்கள் வளரும். எலுமிச்சைச் சாறு சேர்த்து 4.6க்குக் கீழே இறக்குங்கள், பி.எச். தாள் அறிவியல் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதன்பிறகும் குளிர்பெட்டியிலேயே வைத்து, மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். ஆகவே பொங்கலுக்கு வேண்டுமென்றால் போகியன்று காய்ச்சுங்கள், மார்கழித் தொடக்கத்தில் காய்ச்ச வேண்டாம்.

அம்பாசமுத்திரம் மதினி:

கேழ்வரகு முளைகட்ட ஒரு பகல் ஊறல், அதன்பின் ஈரத்துணியில் இரண்டு இரவுகள் வேண்டும்; நிழலில் காய ஒரு நாள். போகியன்று காய்ச்ச வேண்டுமானால் மார்கழி இருபத்தைந்து வாக்கிலேயே தானியத்தை நனைத்துவிடுங்கள், அண்ணாச்சி. மழை மூட்டம் இருந்தால் முளைத்ததை மின்விசிறிக்கடியில் பரப்புங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்; பூஞ்சை கண்ட தானியத்தைக் கழுவிப் பயன்படுத்தப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.